கெட்டில்காரிக்குக் கோபம் வந்தால்

அத்தியாயம் 9

வக்கீலின் வெள்ளைச் சட்டை கருகிப்போன சேதி அதற்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது. லாண்டரிக்கடைப் பெரியக்கா கை வைத்தால் கறை போகும், மடிப்பு நிற்கும், ஒரு நூல்கூடப் பிசகாது என்று பேர் எடுத்தவள். அப்படிப்பட்டவளின் கையிலிருந்த இஸ்திரிப்பெட்டி, காலர்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. புகை கிளம்பும்வரை அவளுக்குத் தெரியவில்லை.

"கரண்ட் ஏறி இறங்குது, என்ன பண்றது" என்று வக்கீலிடம் சமாளித்துவிட்டாள். உண்மையைச் சொல்ல நாக்கு கூசியது. அந்த நேரத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வருடமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு. அதுவும் எதைப் பார்த்து வந்தது? பின்னறையில் புருஷனுக்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தொடரைப் பார்த்து.

புருஷனுக்குத் தெருவில் மீட்டர் என்று பேர். வீடு வீடாக, கடை கடையாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறித்து வருகிற உத்தியோகம். போன இடத்தில் மீட்டரை மட்டும் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடிக்கடை வைத்திருந்த ஒருத்தியைப் பார்த்தார். ஆறு வருடத்துக்கு முன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளிடமே போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து பெரியக்கா மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை.

இந்த மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. மகள் பாப்பா, இருபத்தாறு வயதாகியும் அந்தப் பேர் மாறாதவள், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவரை இங்கே கொண்டுவந்து இறக்கினாள். மாடிப்படி ஏற முடியாது என்பதால் கடையின் பின்னறையில் கட்டில் போட்டார்கள். சலவையாகி வந்த கோட்டுகளும் சட்டைகளும் பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாகத் தொங்கும் அறை அது. ஊரார் உடுப்புகளுக்கு நடுவே உரிமை கோரப்படாத உருப்படி மாதிரி அவர் கிடந்தார்.

பெரியக்கா அவரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், புரட்டிப் போட்டாள். ஒரு குறை வைக்கவில்லை. பேச்சு மட்டும் கிடையாது. "கையைத் தூக்கணும்", "வாயைத் திறக்கணும்" என்று பொதுவாக, சுவரைப் பார்த்துச் சொல்வாள். யாரிடம் சொல்கிறாள் என்று சுவருக்கே சந்தேகம் வரும்.

பாப்பாதான் சுவரில் டிவி மாட்டி, ஒரு பென் டிரைவைச் சொருகினாள். அதில் அந்தத் தொடர் மொத்தமும் இருந்தது.

எப்போதும் தூறிக்கொண்டிருக்கும் ஓர் இங்கிலாந்து ஊர். அங்கே பஸ் டிப்போவை ஒட்டி ஓர் அலுவலகம். பஸ்ஸில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களைப் பத்திரமாக வைத்திருந்து, தேடி வருகிறவர்களிடம் கொடுப்பதுதான் அங்கே வேலை. நரைத்த மீசையோடு ஒரு அதிகாரி. வந்து சேர்கிற குடையெல்லாம் அவருக்குச் சொந்தப் பிள்ளை மாதிரி. கூடவே ஒரு பருத்த அம்மாள். என்ன நடந்தாலும் முதலில் கெட்டிலில் தண்ணீர் வைப்பாள். கீழே தமிழில் எழுத்து ஓடும். ஒரு வெட்டு கிடையாது, குத்து கிடையாது, மாமியார் கிடையாது.

முதல் வாரம் பெரியக்காவுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. "அங்க யாரோ ஒளிஞ்சு நின்னு சிரிக்கிறாங்களே, என்னத்துக்கு?" என்றாள். அந்தச் சிரிப்பொலி தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது அவளுக்கு.

இரண்டாவது வாரம் திட்ட ஆரம்பித்தாள். "கம்பளிச் சட்டையை அப்படியா மடிப்பாங்க, தோள் தொங்கிடாது?" என்று இஸ்திரி மேஜையிலிருந்தே அதட்டினாள்.

அப்புறம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பாப்பாவிடம், வேறெதையோ பேசுவதுபோல, "அந்தக் கிழவன் பல்செட்டு கிடைச்சுதா?" என்று கேட்டாள். பஸ்ஸில் பல்செட்டைத் தொலைத்த கிழவன், அலுவலகத்திலிருந்த மூன்று பல்செட்டுகளையும் போட்டுப் பார்த்து, எதுவும் பிடிக்காமல் நான்காவது உண்டா என்று கேட்ட கதை அது.

அதற்கடுத்த வாரம் இஸ்திரி மேஜையையே திருப்பிப் போட்டாள். வெளிச்சம் சரியில்லை என்று காரணம் சொன்னாள். மேஜை திரும்பிய திசையில் ஜன்னல் இல்லை. டிவிதான் இருந்தது.

இன்று திங்கட்கிழமை. லாட்ஜிலிருந்து படுக்கைவிரிப்பு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தது. பெரியக்கா அவற்றை இயந்திரத்தில் திணித்துவிட்டு, ஸ்டீம் பெட்டியைச் சூடாக்கினாள். மனது என்னவோ லேசாக இருந்தது. நேற்று நிறுத்திய இடம் அப்படி. குடைக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது. கெட்டில்காரிக்கு அவர்மேல் எத்தனையோ வருட ஆசை. வாய் திறந்து சொன்னவள் இல்லை. இன்று சொல்லியாக வேண்டும்.

அவளே போய் டிவியைப் போட்டாள். ஒரு ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அவர் பக்கத்தில் அவள் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. மீட்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்தாள்.

கெட்டில்காரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குடைக்காரர் உத்தரவை மேஜைமேல் வைத்தார். அவள் கோப்பையைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

அப்போது மீட்டர் சிரித்தார்.

ஒருபக்க வாயால் வருகிற காற்றுச் சிரிப்பு. பெரியக்காவுக்குப் புரியவில்லை. திரையில் இன்னும் ஒன்றுமே நடக்கவில்லையே. அடுத்த நொடி கெட்டில்காரி திரும்பி, "அந்த ஊர் தண்ணி எப்படி, டீக்கு ஒத்து வருமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் ஒளிந்து நிற்கிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பெரியக்கா திரையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதேதான். சிரிப்பு முன்னால் வந்தது, வேடிக்கை பின்னால் வந்தது. ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள். குடைக்காரர் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றார். மீட்டரின் உதடுகளோ நிற்கவில்லை. அவர் சொல்ல வேண்டிய வசனத்தை இவர் சத்தமில்லாமல் மென்றுகொண்டிருந்தார்.

"இது ஏற்கெனவே பாத்ததா?"

"சரி" என்றார் மீட்டர். பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் மிஞ்சிய சொற்கள் கொஞ்சம்தான். அதில் முக்கால்வாசி 'சரி'.

"எல்லாத்தையுமா?"

"சரி."

இருபத்தைந்து வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனுஷன். செய்தியைத் தவிர வேறெதையும் பார்க்காதவர். படம் போட்டால் பத்தாவது நிமிடம் குறட்டை விடுகிறவர். எழுத்து ஓடும் இங்கிலீஷ் தொடரை வசனம் பாடமாகும் அளவுக்கு எங்கே பார்த்திருப்பார்? யாரோடு உட்கார்ந்து?

"கண்ணாடிக்கடைக்காரி வீட்டுலயா?"

இந்தக் கேள்விக்குச் சரி வரவில்லை. நல்ல கை போர்வை ஓரத்தைப் பிய்த்தது. கண்கள் மெல்ல மேலே தொங்கிய கோட்டுகளுக்குப் போயின. அந்த மௌனத்துக்கும் பக்கவாதத்துக்கும் சம்பந்தம் இல்லை. அது அவளுக்கு ஏற்கெனவே பழக்கமானது. ஆறு வருடத்துக்கு முன்னும் இப்படித்தான், கேட்டால் கூரையைப் பார்ப்பார்.

பெரியக்கா எழுந்து டிவியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் ப்ளக் சுவரில் அடித்துக்கொண்டு விழுந்தது.

அதன் பிறகு கடையில் நடந்ததற்கு இஸ்திரி என்று பேர் சொல்ல முடியாது. லாட்ஜ் விரிப்புகளை அவள் உதறிய உதறலில் தெருவில் போன நாய் ஒதுங்கிப் போனது. பெட்டியை அழுத்தினாள். ஆவி சீறியது. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோமே, மேஜையைத் திருப்பினோமே, ஐயோ, காலர் கருகும் அளவுக்குச் சிரித்தோமே. அந்த இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து சிரித்து முடித்த எச்சில் சிரிப்பு. அதைப்போய் நமக்குக் கிடைத்த புதுசு என்று நினைத்தோமே.

எக்ஸ்ரே நிலையத்தில் படம் எடுக்கும் வேலையிலிருக்கும் பாப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். வாசலிலேயே ஏதோ வாடை அடித்தது அவளுக்கு. டிவி சத்தம் இல்லை. அம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அந்த பென் டிரைவ் யார் கொடுத்தது?"

பாப்பா பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நேரம் எடுத்துக்கொண்டு மாட்டினாள். "எதுக்குக் கேக்கற?"

"கேட்டதுக்குப் பதில்."

"அப்பாவோட கண்ணாடி அன்னைக்கு விழுந்ததுல உடைஞ்சுபோச்சு. அவரோட பவர் அந்தக் கடையிலதான் இருந்துச்சு. போய்ப் புதுசு வாங்கினேன். அப்ப ஆன்ட்டிதான் இதையும் கொடுத்தாங்க."

"ஆன்ட்டியா?" பெரியக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எப்பத்திலிருந்து ஆன்ட்டி?"

"வேற எப்படிம்மா கூப்பிடறது? வயசானவங்க."

"கூப்பிட எனக்கு நிறைய தெரியும். நீ கேட்டதில்ல."

"பழகின குரல் காதுல விழுந்துட்டே இருந்தா பேச்சு திரும்பும்னு டாக்டர் சொன்னார். அதுக்காகத்தான் வாங்கிட்டு வந்தேன்."

"இருபத்தஞ்சு வருஷம் பழகின குரல் இங்க ஒண்ணு இருக்கே. அது பத்தாதா?"

"அந்தக் குரல் அவர்கிட்ட பேசினா பத்தும்." பாப்பாவுக்கும் சூடு ஏறியது. "நீ எங்கம்மா பேசற? கையைத் தூக்கணும், காலை நீட்டணும்னு ஹேங்கருக்கு உத்தரவு போடற. ஹேங்கர் தூக்குமா?"

"தூக்கி நிறுத்திச் சோறு போடறேன்ல, அது போதாதா? யார் செய்வா இதை? உன் ஆன்ட்டியைச் செய்யச் சொல்லு."

"செஞ்சிருப்பாங்க. நீதான் கொண்டுவான்னு சொன்ன. என்ன சொன்னன்னு ஞாபகம் இருக்கா? 'கடைசியில என் வாசலுக்குத்தான் வந்தாகணும்'னு சொன்ன. அவர்மேல இருந்த இரக்கத்துல சொல்லல. ஜெயிச்சுட்டோம்னு சொன்ன."

அடி சரியான இடத்தில் விழுந்தது. பொய் என்று சொல்லப் பெரியக்காவுக்கு வாய் வரவில்லை. அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

"தினம் தினம் என்னை ஏமாத்தியிருக்க. நான் அந்த டப்பாவைப் பாத்துப் பல்லைக் காட்டறதை வேடிக்கை பாத்துட்டு உக்காந்திருந்தியா?"

"ஆமா, பாத்துட்டுதான் இருந்தேன்." பாப்பாவின் குரல் உடைந்தது. கோபம் மட்டும் குறையவில்லை. "நீ சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? காலேஜ் முடிச்சேன், சிரிக்கல. வேலை கிடைச்சுது, 'சரி, போ'ன்ன. அன்னைக்கு அந்தப் பல்செட்டுக் கிழவனைப் பாத்து நீ தலையைத் தூக்கிச் சிரிச்ச. அப்ப இது யார் கொடுத்ததுன்னு வந்து சொல்லணுமா நான்?"

"என் சிரிப்பும் அவ போட்ட பிச்சைதானா?"

பின்னறையில் கட்டில் கிரீச்சிட்டது. எல்லாமே கேட்டிருக்கும். காது நன்றாகத்தான் வேலை செய்தது அவருக்கு.

பெரியக்கா பின்னறைக்குப் போய் பென் டிரைவை உருவினாள். மீட்டர் "பாப்பா, பாப்பா" என்றார். பெரியக்கா திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"அம்மா, எங்க போற? கடை?"

"பூட்டு."

"லாட்ஜ்காரங்க சாயங்காலம் வருவாங்களே."

"விரிப்பு இல்லாம ஒருநாள் படுக்கட்டும். செத்துட மாட்டாங்க."

மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம் அவள் நினைத்த அளவுக்கு ஒன்றும் மாறவில்லை. செருப்புத் தைக்கிறவர் அதே இடத்தில் இருந்தார். அவர் எழுந்து நின்று ஏதோ கேட்க வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் பெரியக்கா வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள். ஆறு வருடமாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள். ஒவ்வொன்றும் கல்லு கல்லாக இருந்தது.

கண்ணாடிக்கடைக் கதவைத் தள்ளினாள். சின்னக் கடை. சுவர் முழுக்க வெறும் ஃபிரேம்கள், முகமில்லாத கண்கள் மாதிரி. உள்ளே கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்குக் கீழே ஒருத்தி உட்கார்ந்து, குட்டித் திருப்புளியால் ஒரு கண்ணாடியின் காதை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

பெரியக்கா மனதில் ஆறு வருடமாக வளர்த்துவைத்திருந்தவள் வேறு. உதட்டுச்சாயம், மினுக்கு, குலுக்கு எல்லாம் அவளுக்கு இருந்தன. இவள் நரைத்து, குள்ளமாக, தன்னைவிடவும் நாலைந்து வயது மூத்தவளாக இருந்தாள். ஸ்வெட்டரின் முழங்கை நைந்திருந்தது. இந்த முழங்கைக்கா, என்று தோன்றியதும் கோபம் இரட்டிப்பானது. அழகியிடம் தோற்றிருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும்.

கண்ணாடிக்கடைக்காரி நிமிர்ந்தாள். அடையாளம் கண்டுகொண்டாள். எழுந்து ஒரு நாற்காலியை முன்னால் நகர்த்தினாள்.

"வாங்க. உக்காருங்க."

"உக்கார வரல." பென் டிரைவைக் கண்ணாடி மேஜைமேல் வீசினாள். அது சறுக்கிக்கொண்டு போய் அந்தத் திருப்புளியில் இடித்து நின்றது. "உன் சாமான். உன் எச்சிலை என் வீட்டுக்கு அனுப்பற வேலையெல்லாம் வேண்டாம். ஆளை எடுத்துக்கிட்ட, போகட்டும். இப்ப டிவி வழியா உள்ள வரியா?"

"அவருக்கு நல்லதுன்னு பாப்பா கேட்டா. அதான் கொடுத்தேன்."

"அவளைப் பாப்பான்னு கூப்பிடாதே. அது நாங்க வெச்ச பேரு."

கண்ணாடிக்கடைக்காரி தலையாட்டினாள். சண்டைக்கு வரவில்லை. அந்த நிதானம் பெரியக்காவுக்கு நெருப்பில் நெய்யாக இருந்தது. கத்தினால் கத்தலாம், அடித்தால் அடிக்கலாம். நாற்காலியை நகர்த்துகிறவளை என்ன செய்வது?

"நீங்களும் பாக்கறீங்களா அதை?" என்று கேட்டாள் கண்ணாடிக்கடைக்காரி.

"நான் எதுக்குப் பாக்கணும்? காதுல விழுது."

"எதுவரைக்கும் விழுந்திருக்கு?"

பெரியக்கா பல்லைக் கடித்தாள். "மாத்தல் உத்தரவு."

கண்ணாடிக்கடைக்காரியின் முகம் சட்டென்று இளகியது. "ஓ, அப்ப இன்னும் ரயில்வே ஸ்டேஷன்ல அவ..."

"வாயை மூடு." பெரியக்கா மேஜையை அறைந்தாள். ஃபிரேம்கள் நடுங்கின. "முடிவைச் சொன்னா இந்தக் கடையில ஒரு கண்ணாடி உருப்படியா இருக்காது, சொல்லிட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொன்னது என்ன என்று பெரியக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சுட்டது. கல்லு கல்லாக அடுக்கிக்கொண்டு வந்ததில் பாதி எங்கேயோ உருண்டு ஓடிவிட்டது.

கண்ணாடிக்கடைக்காரி சிரிக்கவில்லை. திருப்புளியைக் கீழே வைத்தாள். அவள் பேச ஆரம்பித்தபோது குரல் மாறியிருந்தது.

"கோபத்தை நீங்க மட்டும் குத்தகைக்கு எடுத்துட்ட மாதிரி பேசாதீங்க. எனக்கும் இருக்கு. அந்தத் தொடர் என்னோடது. அவர் வர்றதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே தனியா உக்காந்து பாத்தது. கடையைப் பூட்டிட்டுப் போனா அதுதான் எனக்கு ஆளு, துணை எல்லாம். அவர் முதல்ல தூங்குவார். அப்புறம் ஒருநாள் அந்தம்மா கோபமா முதுகைக் காட்டி நின்னு கோப்பையைத் துடைக்கறதைப் பாத்து எழுந்து உக்காந்தார். 'எங்க வீட்ல இப்படித்தான், கோபம் வந்தா துணியை உதறுவா, வாயைத் திறக்க மாட்டா'ன்னார். அதுல இருந்து தினம் அந்தம்மா வர்ற இடத்துக்காகவே உக்காருவார்."

கண்ணாடிக்கடைக்காரி நிறுத்தவில்லை.

"என் வீட்ல, என் சோபாவுல உக்காந்துகிட்டு, 'எங்க வீட்ல'ன்னு உங்களைச் சொல்வார். நான் பக்கத்துல இருப்பேன். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணு. அதுலயும் உங்களைக் கொண்டுவந்து நிறுத்திட்டார். இப்ப என்னால அதைப் பாக்கவே முடியல. அதான் கொடுத்தனுப்பினேன். பெருந்தன்மையெல்லாம் இல்ல."

வேறொருத்தியாக இருந்தால் இதைக் கேட்டு உருகியிருப்பாளோ என்னவோ. பெரியக்கா உருகவில்லை.

"அப்படி ஞாபகம் வந்தா எழுந்து வந்து நேர்ல சொல்லியிருக்கணும். என் வாசல் என்ன ஏழு கடல் தாண்டியா இருக்கு? மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம். இங்க உக்காந்து என்னை நினைச்சுச் சிரிச்சாராமா? நான் அங்க எதை நினைச்சு என்ன பண்ணேன்னு கேட்டாரா?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "என்கூட இருந்தப்ப உன்னை நினைச்சார். உன்கூட இருந்தப்ப என்னை நினைச்சார். இருக்கற இடத்துல ஒருநாளாவது இருந்தாரா அந்த மனுஷன்?"

"இல்ல" என்றாள் கண்ணாடிக்கடைக்காரி. "அதைத்தான் நானும் சொல்லி அனுப்பினேன். 'எங்க வீடு'ன்னு எதைச் சொல்றீங்களோ அங்கயே போங்கன்னேன். பெட்டியை எடுத்துட்டுப் போயிட்டார்."

"எப்ப?"

"மழை ஆரம்பிக்கறதுக்கு ரொம்ப முன்னாடி. வெயில் காலத்துலயே."

பெரியக்காவின் புருவம் சுருங்கியது. "அவர் உன் வீட்டுலதானே விழுந்தார்?"

"என் வீட்டுலயா? யார் சொன்னது?" கண்ணாடிக்கடைக்காரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "ரோட்டுல விழுந்திருக்கார். அவர் போன்ல என் நம்பர் மேல இருந்ததால ஆஸ்பத்திரியில எனக்குக் கூப்பிட்டாங்க. நான் உங்க பொண்ணைக் கூப்பிட்டேன். அவர் உங்ககிட்ட வந்துட்டார்னுதான் இத்தனை நாளும் நினைச்சுட்டிருக்கேன்."

"என் வாசப்படி மிதிக்கல."

"அப்ப அந்த வெயில் காலம் பூரா எங்க இருந்தார்?"

கேட்டவளுக்கும் தெரியவில்லை, கேட்கப்பட்டவளுக்கும் தெரியவில்லை. இத்தனை நாளும் ஒருத்தி மற்றவளிடம் இருப்பதாக நினைத்து வயிறெரிந்தாளே, அந்த ஆள் கடைசியில் இரண்டு பேரிடமும் இல்லை.

பெரியக்கா திரும்பி நடந்தாள். கதவுவரை போனவள் நின்றாள். திரும்பி வந்து பென் டிரைவை எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"உனக்காக எடுத்துட்டுப் போகல" என்றாள். "அவருக்காகவும் இல்ல. அந்தக் கெட்டில்காரி வாயைத் திறந்தாளா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"பாருங்க" என்றாள் கண்ணாடிக்கடைக்காரி. அப்புறம் தயங்கி, "பாத்து முடிச்சதும் எனக்கு ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் முடியாது" என்று சொல்லிவிட்டு பெரியக்கா தெருவில் இறங்கினாள்.

திரும்பி வரும்போது நடை இன்னும் வேகமாக இருந்தது. ஒரு கோபத்தோடு போனவள் மூன்று கோபத்தோடு வந்தாள். கடை பாதி ஷட்டர் இறங்கிக் கிடந்தது. குனிந்து உள்ளே நுழைந்தாள். பின்னறையில் பாப்பா அப்பாவுக்குத் தலையணையை முட்டுக்கொடுத்து உட்காரவைத்து, ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

பெரியக்கா தொங்கிய கோட்டுகளை விலக்கிக்கொண்டு கட்டிலுக்கு நேரே வந்து நின்றாள். சுவரைப் பார்க்கவில்லை. ஹேங்கரைப் பார்க்கவில்லை. ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்த மனுஷனின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அவ உங்களை வெயில் காலத்துலயே அனுப்பிட்டாளாம். இங்கயும் வரல. நடுவுல எங்க இருந்தீங்க?"

மீட்டரின் வாய் திறந்தது. கஞ்சி ஒருபக்கமாக வழிந்தது. ஏதோ ஒரு சொல்லைத் தேடினார், கிடைக்கவில்லை.

"தெரியாத மாதிரி முழிக்க வேண்டாம். கூரையைப் பாக்க வேண்டாம். இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும். எங்க இருந்தீங்க, யார்கூட இருந்தீங்க?"

அவர் கூரையைப் பார்க்கவில்லை. அவருடைய கண்கள் மெல்ல நகர்ந்து பாப்பாவின்மேல் போய் நின்றன. அப்படியே அங்கேயே நின்றுவிட்டன.

பாப்பா ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டாள். துண்டை எடுத்து அப்பாவின் வாயைத் துடைத்தாள்.

"அம்மா, அவரைக் கேக்காதே" என்றாள். "என்னைக் கேளு."